ஈரானில் மூன்றில் ஒரு கர்ப்பம் வேண்டாததாம், கணக்கு சரியா?

கேள்விக்குறி | 4 மே 2025
ஈரானில் "மூன்றில் ஒரு கர்ப்பம் வேண்டாத கர்ப்பம்" என்று ஒரு கட்டுரையில் போட்டிருக்கிறது. அதே கட்டுரையில் திருமணமான பெண்களில் 70 சதவீதத்துக்கு மேல் ஏதாவது ஒரு கருத்தடை முறையைப் பின்பற்றுகிறார்கள் என்றும் இருக்கிறது. ரெண்டும் சேர்ந்து எப்படி நிஜமாகும்? யாரோ கணக்கில் கை வைத்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | 4 மே 2025
யாரும் கை வைக்கவில்லை. ரெண்டு எண்ணும் ஒரே இடத்திலிருந்து வந்தவை: 2000ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகை, நல்வாழ்வுக் கணக்கெடுப்பு. அதில் 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் ஏதாவது ஒரு கருத்தடை முறையைப் பின்பற்றியவர்கள் 73.8%. அந்த நேரத்தில் கர்ப்பமாக இருந்தவர்களில் சுமார் 35% பேர் திட்டமிடாத கர்ப்பம் என்றார்கள். பிறகு வெவ்வேறு ஊர்களில் நடந்த சிறு ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த மறு ஆய்வும் 30% சுற்றுவட்டாரத்தில்தான் வந்து நின்றது.

முரண்பாடு எண்ணில் இல்லை, நீங்கள் வகுக்கும் இடத்தில் இருக்கிறது. ஆயிரம் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 270 விரும்பிய கர்ப்பம், 30 வேண்டாத கர்ப்பம் என்றால் வேண்டாதது 10%. இப்போது அதே பெண்கள் ரெண்டு பிள்ளை போதும் என்று முடிவெடுக்கிறார்கள், விரும்பிய கர்ப்பம் 60 ஆகிவிடுகிறது. வேண்டாதது அதே 30. பங்கு 33% ஆகிவிட்டது. ஒரு பெண்ணுக்குக்கூட நிலைமை மோசமாகவில்லை, சதவீதம் மட்டும் மூன்று மடங்கு.

ஈரானில் நடந்தது ஏறத்தாழ இதுதான். 1980களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறுக்கு மேல் பிள்ளைகள். 2000 வாக்கில் ரெண்டை ஒட்டி வந்துவிட்டது. இவ்வளவு வேகமாக இறங்கிய நாடுகள் உலகிலேயே குறைவு. குறைந்ததெல்லாம் பெரும்பாலும் விரும்பிய பிள்ளைகள்.

கேள்விக்குறி | 5 மே 2025
சரி, பங்கு ஏன் கூடியது என்று புரிகிறது. ஆனால் அந்த 30 எங்கிருந்து வருகிறது? 73.8% பேர் கருத்தடையில் இருக்கும்போது?

மருந்தாளுநர் | 5 மே 2025
"கருத்தடை" என்ற ஒரே கூடையில் என்னென்ன கிடக்கிறது என்று பாருங்கள். அதே 2000 கணக்கெடுப்பு, சதவீதத்தில்: மாத்திரை 18.4, விலகல் முறை 17.8, பெண்ணுக்கான அறுவை 17.1, காப்பர் டி 8.5, ஆணுறை 5.9, ஊசி 2.8, ஆணுக்கான அறுவையான வாசெக்டமி 2.7. நவீன முறைகள் என்று சொல்லத்தக்கவை எல்லாம் சேர்ந்து சுமார் 56தான். கூடையில் கால்பங்கு, விந்து வருமுன் கணவர் விலகிக்கொள்வார் என்ற நம்பிக்கை.

நூறு தம்பதிகள் ஒரு வருடம் விலகல் முறையை நடைமுறையில் பின்பற்றினால் சுமார் 20 பேர் கர்ப்பமாவார்கள். ஒரு தடவைகூடத் தவறாமல் செய்தால் 4. மாத்திரை நடைமுறையில் 7, ஆணுறை 13, காப்பர் டி 1க்கும் கீழே.

கணக்குப்பிள்ளை | 5 மே 2025
அந்த 20ஐ அப்படியே ஈரானுக்குப் போடக்கூடாது. அது அமெரிக்க எண். போட்டுப் பார்த்தால்: ஆயிரம் மணமான பெண்களில் விலகல் முறைக்காரர்கள் 178, அதில் 20% என்றால் 36 கர்ப்பம். மாத்திரை 184, 7% என்றால் 13. ஆணுறை 59, 13% என்றால் 8. மொத்தம் 57. அன்றைக்கு ஈரானில் ஆயிரம் மணமான பெண்களுக்கு வருடத்தில் பிறந்ததே தோராயமாக நூறு குழந்தைகள். அப்படியானால் பாதிக்கு மேல் வேண்டாததாக இருந்திருக்க வேண்டும். 35% என்றுதான் பதில் வந்தது. அதாவது ஈரானியத் தம்பதிகளுக்கு இந்த முறை அமெரிக்கர்களைவிட நன்றாகக் கைவந்திருக்கிறது. வயது கூடியவர்கள், வருடக்கணக்கில் பழகியவர்கள், கணவரும் பிள்ளை வேண்டாம் என்பவர்.

ஆனால் கைவந்தாலும் காலம் நீளம். 30 வயதுக்குள் ரெண்டு பிள்ளை பெற்று நிறுத்தியவருக்கு இன்னும் 15 வருடம் கருத்தரிக்கும் காலம் இருக்கிறது. வருடத்துக்கு 5% தோல்வி என்று தாராளமாக வைத்தாலும் 15 வருடத்தில் ஒரு தடவையாவது மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 54%. காப்பர் டி என்றால் அதே 15 வருடத்துக்குச் சுமார் 11%.

கேள்விக்குறி | 6 மே 2025
அப்புறம் ஏன் படித்த பெண்கள்கூட அதை விடவில்லை? டெஹ்ரானில்தான் அது அதிகம் என்று கேள்விப்பட்டேனே.

மருந்தாளுநர் | 7 மே 2025
படிப்பும் நகரமும் கூடக்கூட விலகல் முறை கூடுவது ஈரானின் விசித்திரம். கிராமத்துப் பெண் மாத்திரையிலும் ஊசியிலும் இருப்பார், டெஹ்ரான் பட்டதாரி விலகலில் இருப்பார். காரணங்கள் பல. ஹார்மோன் என்றாலே பயம்: எடை போடும், முகத்தில் கரும்படலம் வரும், பிறகு பிள்ளை தங்காது. காப்பர் டி என்றால் உதிரப்போக்கு, தொற்று. ஆணுறையைக் கணவர்கள் விரும்புவதில்லை. மதத்தில் தடை இல்லை, 'அஸ்ல்' என்ற பெயரில் ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) நூல்களில் பழங்காலம் தொட்டே பேசப்பட்ட விஷயம் இது. காசு செலவில்லை, கிளினிக் ஏற வேண்டாம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. விலகல் முறையை நம்புகிறவர்களில் பலருக்குப் பின்னால் ஒரு இரண்டாவது காப்பு, அதாவது முறை தவறியபின் எடுக்கும் அவசரக் கருத்தடை, தேவைப்படுகிறது என்றே தெரியாது. ஈரானிய மருந்துக்கடையில் மிகச் சாதாரணமாகக் கிடைத்து வந்த 'எல்டி' கருத்தடை மாத்திரையில் 30 மைக்ரோகிராம் எதினைல் எஸ்ட்ராடையால், 150 மைக்ரோகிராம் லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற ரெண்டு ஹார்மோன்கள் இருக்கும். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் 4 மாத்திரை, சரியாக 12 மணி கழித்து இன்னொரு 4. இதுதான் பழைய யூஸ்பே முறை. தவறு நடக்கும் இடங்கள்: முதல் நான்கை விழுங்கிவிட்டு வாந்தி வந்ததும் இரண்டாவது நான்கை விட்டுவிடுவது. ரெண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பப் போட வேண்டும், வாந்தித் தடுப்பு மாத்திரையை ஒரு மணி முன்பே போட்டிருந்தால் இந்தத் தொல்லை குறையும். அட்டையின் கடைசி வரிசையிலிருந்து எடுப்பது இன்னொன்று: 28 மாத்திரை அட்டையாக இருந்தால் கடைசி 7ல் மருந்தே இருக்காது. 1.5 மில்லிகிராம் லெவோனார்ஜெஸ்ட்ரல் ஒரே வேளையாகக் கிடைத்தால் அதுவே மேல், வாந்தியும் குறைவு. ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டால் எல்லாவற்றையும்விட உறுதி, அதைச் சொல்வாரும் இல்லை, கேட்பாரும் இல்லை.

கணக்குப்பிள்ளை | 7 மே 2025
மாத்திரைக்காரர்களை விட்டுவிட்டீர்களே.

மருந்தாளுநர் | 8 மே 2025
சொல்கிறேன். கணவர் வெளியூர் போனால் நிறுத்துவது, வந்ததும் நடு அட்டையிலிருந்து தொடங்குவது, "உடம்புக்கு ஓய்வு" என்று மாதக்கணக்கில் இடைவெளி விடுவது, இந்த மூன்றும்தான் பெரும்பாலான தோல்விகள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு அங்கே லைனெஸ்ட்ரெனால் என்ற ஹார்மோன் மாத்திரை 0.5 மில்லிகிராம் தருவார்கள். அதை ஒரே மணிக்குச் சாப்பிட வேண்டும், மூன்று மணி நேரம் தள்ளினாலே காப்பு தளர்ந்துவிடும். இன்னும் பெரிய ஓட்டை மாத்திரையே எடுக்காமல் தாய்ப்பாலை மட்டும் நம்புவது. அது வேலை செய்ய மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, தாய்ப்பால் தவிர வேறு எதுவும் ஊட்டவில்லை, மாதவிடாய் திரும்பவில்லை. ஏழாம் மாதம் கஞ்சி தொடங்கிய பிறகும் அதையே நம்பியிருந்தால் அடுத்தது வயிற்றில்.

வாசெக்டமியிலும் ஒன்று. குழாயைக் கட்டிய மறுநாளே பத்திரம் என்று நினைக்கிறார்கள். மேலே தேங்கியிருக்கும் விந்தணு வெளியேற மூன்று மாதமாவது ஆகும், விந்துப் பரிசோதனையில் பூஜ்யம் என்று வரும் வரை ஆணுறை போட வேண்டும். "ஆபரேஷன் செய்தும் கர்ப்பம்" என்று சந்தேகம் கிளம்பிக் குடும்பத்தில் ரகளையாவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்.

வழக்காடி | 11 மே 2025
நடுவில் வருகிறேன். நீங்கள் இருவரும் 2000ஆம் ஆண்டிலேயே வாழ்கிறீர்கள். அந்தக் கணக்கெடுப்பு நடந்த ஈரான் வேறு, இன்றைய ஈரான் வேறு.

1989 டிசம்பரில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் திரும்ப வந்தது. 1986 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை 5 கோடியைத் தொட்டுவிட்டதைக் கண்டு அரசே பயந்துதான் வந்தது. 1993ல் சட்டமாகவே வந்தது, நான்காவது பிள்ளைக்குச் சலுகை கிடையாது. திருமணப் பதிவுக்கு முன் மணமக்கள் கருத்தடை வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. கிராமத்துச் சுகாதார இல்லத்தில் 'பெஹ்வர்ஸ்' என்ற ஊர்க்காரப் பணியாளர் மாத்திரையை இலவசமாகக் கையில் கொடுத்து வந்தார்.

2012ல் காற்று திசை மாறியது. அந்த வருடம் திட்டத்தின் நிதி நின்றது. அக்டோபரில் போஜ்னூர்த் நகரில் பேசிய அப்போதைய உச்சத் தலைவர் காமெனெயி, 1990களின் நடுவிலேயே இந்தக் கொள்கையை நிறுத்தியிருக்க வேண்டும், தொடர்ந்தது தவறு என்றார். 2014ல் மக்கள்தொகைக் கொள்கைக்கான 14 அம்ச ஆணை. 2021 நவம்பரில் 'குடும்பப் பாதுகாப்பு, இளமையான மக்கள்தொகை' சட்டம், ஏழு வருடத்துக்கு. அதன் 51ஆம் பிரிவு அரசுச் சுகாதார வலையமைப்பில் இலவசமாகவோ மானியத்திலோ கருத்தடைச் சாதனம் தருவதைத் தடுக்கிறது. 52ஆம் பிரிவு நிரந்தரக் கருத்தடை அறுவையைத் தடுக்கிறது, மருத்துவக் காரணம் இருந்தால்தான் விலக்கு.

கூடையில் தோல்வி மிகக் குறைந்த சாமான் எதுவோ அதைத்தான் முதலில் எடுத்து வெளியே வைத்திருக்கிறார்கள்.

மருந்தாளுநர் | 11 மே 2025
விலகல் முறையைத் தடுக்க ஒரு பிரிவு போட முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும் :)

கேள்விக்குறி | 12 மே 2025
சட்டம் வந்தபின் பிறப்பு கூடியதா?

கணக்குப்பிள்ளை | 12 மே 2025
இல்லை. 2015 வாக்கில் வருடத்துக்கு 15 லட்சத்துக்கு மேல் பிறந்தன. 2025 மார்ச்சில் முடிந்த ஈரானிய வருடத்தில் 10 லட்சத்துக்கும் கீழே. 1980களில் பிறந்த பெருங்கூட்டம் பிள்ளை பெறும் வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது, திருமணங்கள் குறைந்துவிட்டன, ரியாலின் மதிப்பு எங்கே போயிற்று என்று சொல்லத் தேவையில்லை. மாத்திரை கொடுப்பதை நிறுத்தினால் பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடாது.

யாருக்கு அடி என்று பாருங்கள். டெஹ்ரானில் காசு உள்ளவர் தனியார் கடையில் வாங்கிக்கொள்வார். சிஸ்தான் பலூசிஸ்தானில், நாட்டிலேயே பிறப்பு விகிதம் உயர்ந்த மாகாணத்தில், கிராமத்துக்காரருக்கு இருந்த ஒரே கடை அந்தச் சுகாதார இல்லம்தான். அங்கே வேண்டாத கர்ப்பம் என்பது நாலாவது, ஐந்தாவது பிள்ளை. டெஹ்ரானில் அது ரெண்டாவது பிள்ளை, சில சமயம் முதல் பிள்ளையே. ஒரே சதவீதத்துக்குள் ரெண்டையும் போட்டுக் குலுக்குவதால்தான் தேசிய எண்ணில் எனக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை.

கேள்விக்குறி | 15 மே 2025
கருக்கலைப்பு? வேண்டாதது மூன்றில் ஒன்று என்றால் அதில் கலைத்தது எத்தனை? "தினம் ஆயிரம்" என்று ஒரு எண் சுற்றுகிறது.

கணக்குப்பிள்ளை | 16 மே 2025
தினம் ஆயிரம் என்பது மேடை எண். அப்படியானால் வருடத்துக்கு 3,65,000. பத்து லட்சம் பிறப்புக்குப் பக்கத்தில் வைத்தால் கலைப்பிலும் பிறப்பிலும் முடிந்த கர்ப்பங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் கலைக்கப்படுகிறது என்று பொருள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தடை வேண்டும் என்பவர்களுக்குப் பெரிய எண் வசதி, தடை பலிக்கவில்லை என்பவர்களுக்கும் அதே எண் வசதி. அதனால் யாரும் அதைக் கிண்டிப் பார்ப்பதில்லை.

ஆய்வு வழியில் வந்தவை மிகவும் சிறியவை. 2000 கணக்கெடுப்பின் தரவிலிருந்து எர்ஃபானியும் மெக்குயிலனும் மதிப்பிட்டது வருடத்துக்குச் சுமார் 73,000, அதாவது ஆயிரம் மணமான பெண்களுக்கு 7.5. 2009ல் டெஹ்ரானில் எர்ஃபானி நடத்திய கணக்கெடுப்பில் தெரிந்த கர்ப்பங்களில் நூற்றுக்குச் சுமார் 9 கலைக்கப்பட்டவை. கலைத்தவற்றில் மூன்றில் ரெண்டு பங்குக்கு மேல் விலகல், மாத்திரை, ஆணுறை இவற்றில் ஏதோ ஒன்று தோற்றதால் வந்தவை. கருத்தடையே செய்யாமல் வந்தவை அல்ல. இந்த இழையின் முதல் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

வழக்காடி | 16 மே 2025
எண் சின்னதாக வருவதற்குச் சட்டமும் ஒரு காரணம். வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்பவரிடம் ஒரு பெண் எதை ஒப்புக்கொள்கிறார் என்று யோசியுங்கள். கலைத்துக் கொடுத்த மருத்துவருக்கோ மருத்துவச்சிக்கோ 2 முதல் 5 வருடச் சிறை, அதற்கு மேல் தியா, அதாவது உயிருக்கு ஈடாகக் கட்டும் இழப்பீட்டுப் பணம். 2013 தண்டனைச் சட்டத்தின் 716ஆம் பிரிவில் கருவுக்கான தியா படிப்படியாக ஏறும்: விந்து தங்கிய நிலையில் முழு தியாவில் 2%, ரத்தக்கட்டி 4, சதைத்துண்டு 6, எலும்பு 8, எலும்பும் சதையும் முடிந்தால் 10. உயிர் ஊதப்பட்ட பின், அதாவது நான்கு மாதம் ஆனபின், ஆண் கருவுக்கு முழுத் தொகை, பெண் கருவுக்குப் பாதி. பெண் தானே கலைத்திருந்தால் அவரே கட்ட வேண்டும், வாங்கிக்கொள்பவர் கருவின் மற்ற வாரிசு, பெரும்பாலும் அவருடைய கணவர்.

2021 சட்டத்தின் 61ஆம் பிரிவு, பெரிய அளவில் கலைப்பு நடத்துவதை 'பூமியில் குழப்பம் விளைவித்தல்' வரை கொண்டுபோகலாம் என்கிறது. அதற்கு உச்சத் தண்டனை மரணம்.

கேள்விக்குறி | 17 மே 2025
சட்டப்படி கலைக்க வழியே கிடையாதா? 2005ல் ஏதோ அனுமதித்தார்களே?

வழக்காடி | 18 மே 2025
உண்டு, ஆனால் அது வேண்டாத கர்ப்பத்துக்கானது இல்லை. 2005 சட்டத்தின்படி ரெண்டே காரணம்: தாயின் உயிருக்கு ஆபத்து, அல்லது தாய் தாங்க முடியாத அளவுக்குக் கருவில் நோய் அல்லது குறைபாடு. மூன்று சிறப்பு மருத்துவர்கள் உறுதி செய்ய வேண்டும், சட்ட மருத்துவ நிறுவனம் ஒப்ப வேண்டும், உயிர் ஊதப்படும் முன், அதாவது நான்கு மாதத்துக்குள், நடக்க வேண்டும். தாயின் சம்மதம் போதும் என்பது அந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய இடம். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் ஒழிப்பு வேலை இல்லாவிட்டால் அது வந்திருக்குமா என்பது சந்தேகம். வறுமை, கருத்தடைத் தோல்வி, மணமாகாத நிலை எதுவும் காரணம் ஆகாது. மார்க்க அறிஞர்களில் ஆயத்துல்லா யூசுஃப் ஸானெயி போன்ற சிலர் முதல் மூன்று மாதத்தில் கஷ்டத்தை முன்னிட்டு இடம் கொடுத்துப் பேசினார்கள், அது சட்டப் புத்தகத்துக்குள் ஏறவில்லை.

2021க்குப் பின் 56ஆம் பிரிவின்படி ஒரு நீதிபதி, ஒரு சிறப்பு மருத்துவர், ஒரு சட்ட மருத்துவர் அடங்கிய குழு கூடும். தீர்ப்பு எழுதுவது நீதிபதி. சந்தேகம் வந்தால் அனுமதி இல்லை என்பதே விதி.

மருந்தாளுநர் | 18 மே 2025
நாள்காட்டியை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு நெருக்கடி என்று தெரியும். கடைசி மாதவிடாய்த் தேதியிலிருந்து எண்ணினால் கெடு 18, 19 வாரம். முதல் பரிசோதனை 11 முதல் 13 வாரத்தில். அதில் சந்தேகம் வந்தால் பனிக்குட நீர் எடுப்பது 15, 16ல். செல் வளர்த்து முடிவு வர ரெண்டு மூன்று வாரம். வந்தாயிற்று 18. அதற்கு மேல் குழுவுக்கு அனுப்ப ஒரு வாரம், குழு கூட ஒரு வாரம். உறுப்புக் குறைபாடுகளைத் தெளிவாகக் காட்டும் பெரிய ஸ்கேன் 18 முதல் 22 வாரத்தில்தான் எடுப்பார்கள், இருதயக் குறை பெரும்பாலும் அப்போதுதான் தெரியும். பஸ் போன பிறகு டிக்கெட். இத்தோடு, பரிசோதனைக்கு எழுதிக்கொடுப்பதையே புதுச் சட்டம் இறுக்கிவிட்டதால் 11 வார ஸ்கேனே தள்ளிப்போகிறது.

கேள்விக்குறி | 21 மே 2025
அப்போ மிச்சப் பேர் நாசர் கொஸ்ரோ தெருதானா?

மருந்தாளுநர் | 22 மே 2025
டெஹ்ரானின் அந்தத் தெரு கள்ள மருந்துக்குப் பெயர்போனது. இப்போது பாதி வியாபாரம் டெலிகிராமுக்குப் போய்விட்டது. தேடுவது மிசோப்ரோஸ்டால். வயிற்றுப்புண்ணுக்கு வந்த மருந்து, பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்தவும் பயன்படுவது. சட்டப்படி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மட்டும். தரமான மாத்திரை சரியான வாரத்தில் சரியான அளவில் இருந்தால் உலக சுகாதார நிறுவனமே பாதுகாப்பான முறை என்று சொல்வது. ஆபத்து மருந்தில் இல்லை, வாங்கும் விதத்தில். உறை பிரித்த மாத்திரை ஈரத்தில் வீரியம் இழந்திருக்கும். சுண்ணாம்பு மாத்திரையாகவும் இருக்கலாம். விற்பவர் மாதத்தைக் கேட்காமலே ஒரே அளவைச் சொல்வார். வேலை செய்யவில்லை என்று ரெண்டாவது ஆளிடம் வாங்கி இரட்டிப்பாகப் போடுவார்கள். முன்பே சிசேரியன் ஆனவருக்கு மாதம் முற்றிய நிலையில் அது கருப்பை கிழியும் ஆபத்து, ஈரானில் சிசேரியன் ஏறக்குறைய பாதிப் பிரசவங்கள். கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருந்தால் மாத்திரை ஒன்றும் செய்யாது, குழாய் வெடிக்கும் வரை தெரியாமலே போகலாம்.

ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அது தொடர்ந்து ரெண்டு மணி நேரம் போனால், அல்லது காய்ச்சல் 38ஐத் தாண்டி நாள் முழுக்க நின்றால், தோள்பட்டையில் வலி வந்து மயங்கினால், ஆஸ்பத்திரிதான். பயந்து வீட்டில் கிடப்பதால்தான் சாவு. தானாகக் கலைந்ததற்கும் மாத்திரையில் கலைந்ததற்கும் சிகிச்சை ஒன்றுதான், விழுங்கிய மாத்திரையை ரத்தத்தில் தேடும் வழக்கமான பரிசோதனையும் கிடையாது.

வழக்காடி | 22 மே 2025
பிறப்புறுப்பில் வைத்த மாத்திரையின் துகள் கண்ணில் படலாம், அதையும் சொல்லுங்கள். கர்ப்பம் உறுதியானதும் மின்பதிவில் ஏற்ற வேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறது. பதிவில் இருந்த கர்ப்பம் காணாமல் போனால் கேள்வி வரும் என்ற பயத்தில் பெண்கள் முதல் ரத்தப் பரிசோதனைக்கே அரசு இடத்துக்குப் போகத் தயங்குகிறார்கள்.

கணக்குப்பிள்ளை | 2 ஜூன் 2025
கணக்கின் பெரிய ஓட்டையும் இங்கேதான். கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்த பெண்களிடம் "இது விரும்பிய கர்ப்பமா" என்று கேட்டு எழுதிய ஆய்வுகள்தான் ஈரானில் அதிகம். கலைத்தவர் அந்த வரிசையிலேயே இல்லை. வந்தவரிலும் ஆறு மாதமாகி வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு "வேண்டாம் என்று நினைத்தேன்" என்று சொல்ல மனம் வராது. பிறந்த பிறகு கேட்டால் இன்னும் குறையும். ஆகவே அந்த 30 சதவீதம் கீழெல்லை.

இன்னொன்று, "வேண்டவே வேண்டாம்", "இப்போது வேண்டாம்" ரெண்டையும் சேர்த்துத்தான் 35. முதல் வகை ஏறக்குறைய பாதிதான். ரெண்டு வருடம் தள்ளிப்போட நினைத்தவரையும் ஐந்தாவது பிள்ளைக்காரரையும் ஒரே தலைப்பில் போட்டால் செய்தித்தாளுக்கு நல்லது.

கேள்விக்குறி | 3 ஜூன் 2025
அட்டவணையில் என்ன எழுதட்டும்? எனக்கு ஒரு எண் வேண்டும்.

கணக்குப்பிள்ளை | 3 ஜூன் 2025
"மணமான பெண்கள், கணக்கெடுப்பின்போது கர்ப்பமாக இருந்தவர்கள், 2000: சுமார் 35%, தள்ளிப்போட நினைத்தவையும் சேர்த்து." இவ்வளவும் ஒரே கட்டத்தில் இருக்க வேண்டும், ஒரு சொல்லை எடுத்தாலும் எண் பொய்யாகிவிடும். 2021க்குப் பிந்தைய நிலைக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

வழக்காடி | 3 ஜூன் 2025
"மணமான" என்பதை அடிக்கோடிடுங்கள். மணமாகாதவர்கள் எந்தத் தேசியக் கணக்கெடுப்பிலும் கேட்கப்படவில்லை. சீகே என்ற தற்காலிகத் திருமணத்தில் இருப்பவர் பதிவே செய்யாமல் இருந்தால் எந்தக் கட்டத்தில் விழுவார் என்பது கேட்பவரைப் பொறுத்தது.